55 பவுண்டு

“அண்ணா, அம்பத்தஞ்சு போட்டுடுங்க.”

மட்டையை மேஜைமேல் வைத்த கையோடு பாதிப் பேர் சொல்வது இதைத்தான். எந்த ஸ்ட்ரிங், என்ன தடிமன் என்ற பேச்சு அப்புறம்தான் வரும். ஏன் 55 என்று கேட்டால் சின்னப் பையன், “நடால் அதுதானே போட்டாரு” என்பான். ஐம்பது வயதுக்காரர், “எனக்கு எப்பவும் அதுதான்பா” என்பார். எழும்பூரில் ஒரு சந்துக்குள் 37 வருடமாக டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டிக் கொடுக்கிறேன். இந்த 55 பவுண்டு இழுவை என்கிற எண்ணை எத்தனை ஆயிரம் முறை இயந்திரத்தில் வைத்திருப்பேன் என்று கணக்கில்லை. கட்டி முடித்த மட்டையில் அந்த 55 எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டவர்களை மட்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மறுநாள் காலையிலேயே அது 55 இல்லை. நைலானோ பாலியஸ்டரோ, இழுத்துக் கட்டிய கணத்திலிருந்து தளர ஆரம்பிக்கிறது. முதல் ஒன்றிரண்டு நாளில் பத்தில் ஒரு பங்குவரை போய்விடும். பந்தைத் தொட வேண்டாம், ஆணியில் சும்மா மாட்டி வைத்தாலே போதும். என் நோட்டுப் புத்தகங்களில் நான் குறித்து வைத்திருப்பதில் பெரும்பகுதி இந்தத் தளர்ச்சியைப் பற்றித்தான்.

எங்கள் தொழிலுக்குச் சென்னையில் ‘கட் போடுவது’ என்று பேர். ‘கட்’ என்றால் ஆங்கிலத்தில் குடல். இன்றைக்கு என் கடையில் உண்மையான குடல் நரம்பு வருடத்துக்கு நாலைந்து மட்டைக்குப் போனால் அதிகம். பொருள் போய்விட்டது, பேர் நிற்கிறது. தமிழில் இதற்கு இன்னும் நல்ல சொல் உண்டு. யாழில் கட்டியதை நம் முன்னோர் நரம்பு என்றார்கள். வாடிக்கையாளரிடம் ஸ்ட்ரிங் என்று சொன்னாலும் மனசுக்குள் நான் நரம்பு என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

யாழ் நரம்பை இழுத்தது சும்மா இல்லை. டென்னிஸ் நரம்பும் வாத்தியக்காரர்களிடமிருந்துதான் வந்தது. பிரான்சில் லியோன் நகரத்தில் பியர் பாபோலா என்பவர் குடலைத் திரித்து இசைக் கருவிகளுக்கு நரம்பு செய்துவந்தார். 1874-ல் வால்டர் விங்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ மேஜர் புல்தரை டென்னிசுக்குக் காப்புரிமை வாங்கி, வலை, மட்டை, பந்து எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தார். அடுத்த வருடமே, 1875-ல், பாபோலா டென்னிஸ் மட்டைக்கென்று நரம்பு செய்தார். விம்பிள்டனின் முதல் போட்டி நடந்தது 1877-ல்தான். அந்தக் குடும்பத்தின் பேரில் இன்றும் நரம்பு வருகிறது. 1925-ல் அவர்கள் கொண்டுவந்த ‘விஎஸ்’ என்ற குடல் நரம்பை இந்த ஜூன் மாதம்கூட ஒரு மட்டைக்குப் போட்டேன்.

பூனைக் குடல் என்று சிலர் நினைக்கிறார்கள். ‘கேட்கட்’ என்ற ஆங்கிலச் சொல் செய்த குழப்பம் அது. முதலில் ஆட்டுக் குடல், பிறகு மாட்டுக் குடல். குடலின் வெளிப்புறச் சவ்வை நாடாவாக உரித்து, கொழுப்பெல்லாம் போகக் கழுவி, ஈரமாக இருக்கும்போதே பல நாடாக்களைச் சேர்த்து முறுக்கி, இழுத்த நிலையிலேயே உலர்த்தி, பிறகு வழவழப்பாகத் தேய்ப்பார்கள். ஒரு மட்டைக்கு ஏறத்தாழ 12 மீட்டர் நரம்பு வேண்டும். அதற்கு ஒரு மாடு போதாது, மூன்று மாட்டின் குடல் வேண்டும் என்பார்கள். ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும் தடிமன் உள்ள அந்த இழைக்குள் ஆயிரக்கணக்கான நார்கள் இருக்கின்றன. நீளும், ஆனால் நீண்டதை அப்படியே திருப்பித் தரும். இத்தனை வருடமாக வேதியியல்காரர்கள் முயன்றும் இதற்கு ஈடாக ஒன்றைச் செய்ய முடியவில்லை என்பது என் அழுத்தமான கருத்து. குடல் நரம்பு கட்டிய மட்டையால் பந்தைத் தொட்டுப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

ஆனால் மெட்ராஸ் குடலுக்கு ஏற்ற ஊர் இல்லை. ஈரம் பட்டால் அது ஊதும், நார் நாராகப் பிரியும். ஐப்பசி, கார்த்திகையில் கடைக்கு வரும் குடல் நரம்பு மட்டைகளைப் பார்த்தால், ஓரமெல்லாம் நைந்த பழைய நூல்சேலைக் கரைபோல இருக்கும். கடற்காற்று ஒரு பக்கம், கை வேர்வை ஒரு பக்கம்.

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவரை நாங்கள் எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். நான் அவரிடம் சேர்ந்தபோது உலகத்தில் மர மட்டையின் காலம் முடிந்துவிட்டிருந்தது. 1987-க்குப் பிறகு விம்பிள்டனில் அதைப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் மெட்ராஸ் கிளப்புகளில் பெரியவர்கள் விடாமல் வைத்திருந்தார்கள். நாலு மூலையிலும் திருகு வைத்த மரச் சட்டத்துக்குள் மட்டையை இறுக்கிக் கொண்டுவருவார்கள், வளையாமல் இருக்க. ஜலந்தரிலும் மீரட்டிலும் செய்த மட்டைகள் அவை. ஜலந்தர்த் தொழில், 1947 பிரிவினையில் சியால்கோட்டிலிருந்து பெயர்ந்து வந்தவர்கள் நட்டது.

வாத்தியாரிடம் இயந்திரம் இருந்தது. ஆனால் மர மட்டைக்கு அவர் அதைத் தொடமாட்டார். மட்டையைக் கட்டையில் இறுக்கிவிட்டு, நரம்பை ஒரு உருட்டுக் கோலில் சுற்றி உடம்பின் எடையைப் பின்னால் சாய்த்து இழுப்பார். இழுத்த நரம்பு நழுவாமல் இருக்கத் துளைக்குள் ஒரு குத்தூசியைச் செருகுவார். அடுத்த இழுப்பு, அடுத்த குத்தூசி. நெடுக்கு நரம்புகள் முடிந்ததும் விரலால் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்ப்பார். ஒன்று மட்டும் தாழ்ந்து ஒலித்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி இழுப்பார். எத்தனை பவுண்டு என்று கேட்டால் அவருக்கு எரிச்சல் வரும். “காதுல கேளுடா. அது சொல்லும்” என்பார். எல்லாம் முடிந்தபின் மட்டையின் தலைப்பக்கமும் கழுத்துப்பக்கமும் மெல்லிய சிவப்பு நூல் ஓட்டி அழகு செய்வார். அந்த நூலுக்கு ஆட்டத்தில் ஒரு வேலையும் கிடையாது. அது இல்லாமல் அவர் மட்டையைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அவர் சொன்னதை அப்போது பழைய மனிதரின் பிடிவாதம் என்று நினைத்தேன். பிறகு பியோர்ன் போர்கின் கதையைப் படித்தேன். 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து முறை விம்பிள்டன் வென்றவர், மர மட்டையில் ஏறத்தாழ 80 பவுண்டு கட்டி ஆடினார். அந்தக் காலத்தில் மற்றவர்கள் கட்டியது 50, 60. இவ்வளவு இழுவையை மரம் தாங்காது. நரம்பும் தாங்காது. ராத்திரி ஹோட்டல் அறையில் யாரும் தொடாமலே மட்டைகளில் நரம்பு அறுந்து தெறிக்கும். அவருடைய பயிற்சியாளர் லென்னார்ட் பெர்கெலின், ஆட்டத்துக்கு முன்னால் மட்டைகளை ஒன்றோடொன்று தட்டி, ஒலியைக் கேட்டு, எந்தெந்த மட்டை ஒரே சுருதியில் இருக்கிறது என்று பிரித்து வைப்பார். உலகத்தின் முதல் ஆட்டக்காரனுடைய மட்டையைத் தேர்ந்தது காதுதான். இதைப் படித்த அன்று வாத்தியார் உயிரோடு இல்லை. அவரிடம் சொல்ல முடியாமல் போனது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.



காது சொல்வதை எண்ணாக மாற்ற முடியுமா என்று எனக்கு ஆசை வந்தது என் அக்காவால். அக்கா வீணை சொல்லிக்கொடுப்பவர். ஒருமுறை வீட்டில் இரண்டு மட்டைகளை ஒரே நைலானில், ஒரே 55-ல் கட்டி மாட்டி வைத்திருந்தேன். கட்டிய அன்று ராத்திரி ஒரு ஸ்பூன் காம்பால் தட்டிக் காட்டினேன். வீணையில் அந்த இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார். ஒரு மாதம் தினமும் நான் அதில் ஒன்றை எடுத்து ஆடினேன். மாதக் கடைசியில் மறுபடி தட்டியபோது, “அரை ஸ்வரம் இறங்கிடுச்சுடா” என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இழுவை நாலு மடங்கானால்தான் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும் என்பது தந்திக்கு உள்ள விதி. அப்படியென்றால் அரை ஸ்வரம் இறங்குவதற்கு இழுவையில் ஒன்பதில் ஒரு பங்கு போயிருக்க வேண்டும். 55 ஏறத்தாழ 49 ஆகியிருந்தது. மாட்டி மட்டுமே வைத்திருந்ததும் இறங்கியிருந்தது, ஆனால் அவ்வளவு இல்லை. அன்றிலிருந்து என் நோட்டில் பவுண்டுக்குப் பக்கத்தில் சுருதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது.

இயந்திரத்து எண்ணை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கைப்பிடி சுற்றும் பழைய வகை, கேட்ட இழுவை வந்ததும் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். பூட்டிய அந்த நொடியிலிருந்தே நரம்பு தளரும், இயந்திரம் அதைக் கவனிக்காது. மின்சார இயந்திரமும், எடை தொங்கும் வகையும் நரம்பு தளரத் தளர இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரே 55-ஐ இரண்டிலும் வைத்தால் கையில் வருவது இரண்டு மட்டை. ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு மாறுகிறவர்கள், “இந்த ஆள் சரியாப் போடல” என்று சொல்வதில் பாதி இதனால்தான். நான் மாதம் ஒருமுறை ஸ்பிரிங் தராசை மாட்டி என் இயந்திரத்தைச் சரிபார்க்கிறேன்.

இறுக்கிக் கட்டினால் பந்து பறக்கும் என்ற நம்பிக்கையைப் பற்றி நான் பேசாத நாளில்லை. உண்மை நேரெதிர். டென்னிஸ் பந்தை 100 அங்குல உயரத்திலிருந்து காங்கிரீட்டில் போட்டால் 53-லிருந்து 58 அங்குலம்தான் எழும்ப வேண்டும் என்று விதி. அப்படியென்றால் பந்து நசுங்கி விரியும்போது தன் சக்தியில் கிட்டத்தட்ட பாதியைத் தின்றுவிடுகிறது. நரம்பு அப்படியில்லை, வாங்கியதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பித் தரும். நரம்பு தளர்வாக இருந்தால் வளைவதை நரம்பு ஏற்றுக்கொள்கிறது, பந்து குறைவாக நசுங்குகிறது, வேகம் மிஞ்சுகிறது. இறுக்கினால் பந்து பலகையில் அடித்ததுபோல் நசுங்கிப்போகும். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து இயற்பியல் பேராசிரியர் ஹோவர்ட் பிராடி 1970-களின் கடைசியிலிருந்து இதை அளந்து எழுதினார். 10 பவுண்டு மாற்றினாலும் பந்தின் வேகத்தில் வரும் மாற்றம் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். ஆனால் ஆடுகளத்தின் நீளம் 23.77 மீட்டர். கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழ வேண்டிய பந்து வெளியே விழ அந்த ஒன்றிரண்டு போதும். இறுக்கிக் கட்டியவன் ‘கன்ட்ரோல் வருது’ என்று சொல்வது பொய்யில்லை. அவனுக்குக் கிடைப்பது வேகம் என்று நினைப்பதுதான் தவறு.

நைலான் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டுபாண்ட் நிறுவனம் 1938-ல் அதை உலகத்துக்கு அறிவித்தது. முதலில் பல் துலக்கும் பிரஷ், அடுத்து பெண்களின் காலுறை, கொஞ்ச நாளில் டென்னிஸ் நரம்பு. மலிவு, மழைக்குப் பயப்படாது. நம் ஊரில் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் டென்னிஸ் ஆட முடிந்ததற்கு நைலானும் ஒரு காரணம் என்று நான் நன்றியோடு நினைக்கிறேன். 1976-ல் ஹோவர்ட் ஹெட் என்ற பொறியாளர் பிரின்ஸ் நிறுவனத்துக்காக 110 சதுர அங்குல முகம் கொண்ட மட்டையைக் கொண்டுவந்தார். மர மட்டையின் முகம் ஏறத்தாழ 70. இரண்டு வருடத்தில், 1978-ல், அந்தப் பெரிய மட்டையோடு 16 வயது பாம் ஷ்ரைவர் அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டம்வரை போனார். முகம் பெரிதானால் நரம்பு நீளம், நீளம் கூடினால் மெத்தென்று ஆகும். பழைய பவுண்டுக் கணக்குகள் எல்லாம் அந்த மட்டையோடு செல்லாமல் போயின.

ஆனால் நரம்பின் சரித்திரத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்த வருடம் 1977.

ஜெர்மனியில் பவேரியாப் பகுதியைச் சேர்ந்த வெர்னர் ஃபிஷர் தோட்டக்கலைக்காரர். டென்னிஸ் அவருக்குத் தொழில் இல்லை. நரம்பு கட்டும் முறையையே அவர் பிரித்துப் போட்டார். வழக்கமாக நெடுக்கு நரம்பும் குறுக்கு நரம்பும் பாய் பின்னுவதுபோல ஒன்றின்மேல் ஒன்று, ஒன்றின்கீழ் ஒன்று ஓடும். ஃபிஷர் குறுக்கே ஐந்தாறு நரம்பை மட்டும் வைத்து, அதற்கு முன்னால் ஒரு அடுக்கும் பின்னால் ஒரு அடுக்குமாக நெடுக்கு நரம்புகளைக் கட்டினார். பின்னலே கிடையாது. நரம்புகள்மேல் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைக் கோத்தார். பந்து பட்டால் நெடுக்கு நரம்புகள் மொத்தமாகப் பக்கவாட்டில் வழுக்கும், பிறகு தெறித்துத் தம் இடத்துக்குத் திரும்பும். திரும்பும்போது பந்தைச் சுழற்றிவிடும். குழாய்த் துண்டுகளைப் பார்த்துவிட்டு அதற்கு ‘ஸ்பகெட்டி’ மட்டை என்று பேர் வைத்தார்கள்.

அந்த வருட அமெரிக்க ஓப்பனில் மைக் ஃபிஷ்பாக் என்ற, யாரும் பெரிதாகக் கேள்விப்படாத ஆட்டக்காரர் தானே கட்டிய ஸ்பகெட்டி மட்டையோடு வந்து, விம்பிள்டன் வென்ற ஸ்டான் ஸ்மித்தை வெளியே அனுப்பினார். மூன்றாவது சுற்றில் ஜான் ஃபீவரிடம்தான் தோற்றார். செப்டம்பரில் பாரிசில் ஜார்ஜ் கோவன் என்ற பிரெஞ்சுக்காரர் இதை வைத்து இலி நஸ்டாசேயைத் தோற்கடித்தார். நஸ்டாசேக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. சில நாளில் அவரே ஒரு ஸ்பகெட்டி மட்டையை எடுத்துக்கொண்டு எக்ஸ்-அன்-ப்ரோவான்ஸ் நகரத்தில் இறுதி ஆட்டத்துக்குப் போனார். எதிரே கில்லெர்மோ விலாஸ். மண் தரையில் தொடர்ந்து 53 ஆட்டம் வென்று வந்திருந்தவர். இரண்டு செட் இழந்ததும் விலாஸ் இதற்குமேல் ஆட முடியாது என்று களத்தைவிட்டுப் போனார். அந்த அக்டோபரிலேயே சர்வதேசக் கூட்டமைப்பு தற்காலிகத் தடை போட்டது. 1978-ல் விதியாகவே எழுதினார்கள்: நரம்புகள் மாறி மாறிப் பின்னியிருக்க வேண்டும், அல்லது சேரும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும், முகம் முழுதும் ஒரே சீராக இருக்க வேண்டும். அதற்கு முன் நூறு வருடமாக, மட்டை என்றால் என்ன என்று விதிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இருக்கவில்லை. ஒரு தோட்டக்காரர் எழுதவைத்தார்.

இதைப் படித்தபின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், உடைந்து ஒட்டிய ஒரு மட்டைச் சட்டத்தை எடுத்து, கடை மூடியபின் இரண்டு ராத்திரி உட்கார்ந்து நானும் ஒன்று கட்டினேன். மீன்பிடிக் கயிறு மாதிரி தடித்த நைலான், குளிர்பான ஸ்ட்ராவை நறுக்கிய துண்டுகள், 30 பவுண்டு. மூன்றாம் நாள் விடியற்காலை ஒரு பள்ளிக்கூடச் சுவரில் அடித்துப் பார்த்தேன். ‘டங்’ என்ற சத்தமே இல்லை. தலையணையில் தட்டியதுபோலத் ‘தொப்’ என்று ஒலித்தது. பந்து வெளியே போகிறது என்று நினைத்த கணத்தில் தலைகுப்புற விழுந்தது, விழுந்த இடத்திலிருந்து என் தோளுக்கு மேலே எழும்பியது. ஸ்ட்ரா துண்டுகள் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஆனால் விலாஸ் ஏன் களத்தைவிட்டுப் போனார் என்று என் கைக்குப் புரிந்துவிட்டது.

ஃபிஷருக்கு இருபது வருடம் கழித்து அந்த வழுக்கல் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. 1997 பிரெஞ்சு ஓப்பனில் குஸ்தாவோ குயர்டன் என்ற பிரேசில் இளைஞர், உலக வரிசையில் 66-ஆவது இடத்தில் இருந்தவர், அதற்கு முன் ஒரு பட்டம்கூட வெல்லாதவர், முஸ்டர், காஃபெல்னிகோவ், புருகேரா என்று மூன்று முன்னாள் சாம்பியன்களை வரிசையாக வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார். அவருடைய மட்டையில் இருந்தது லக்ஸிலான் என்ற பெல்ஜிய நிறுவனத்தின் பாலியஸ்டர் நரம்பு. ஒற்றை இழை, கம்பிபோல விறைப்பு. அதுவரை பாலியஸ்டரை, நரம்பை அடிக்கடி அறுப்பவர்கள் செலவை மிச்சம்பிடிக்கப் போடுவது என்றுதான் நாங்களும் விற்றோம். ஆந்த்ரே அகாசி 2002-ல்தான் அதற்கு மாறினார். மாறிய அதே சமயத்தில் ரோம் பட்டத்தையும் வென்றார். அந்த மாற்றம் தனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பாலியஸ்டர் சொரசொரப்பாக இருப்பதால் பந்தைப் பற்றுகிறது என்று நெடுநாள் எல்லோரும் சொன்னோம். நானும் சொல்லியிருக்கிறேன், அது பிழை. அதிவேகக் கேமராக்களில் பார்த்தபோது தெரிந்தது வேறு. பாலியஸ்டர் வழவழப்பானது. பந்து பட்டிருக்கும் நேரம், ஒரு நொடியை இருநூறாக வகுத்தால் வரும் ஒரு பங்கு. அதற்குள் நெடுக்கு நரம்பு குறுக்கு நரம்பின்மேல் வழுக்கிப் பக்கவாட்டில் போய், பந்து கிளம்புமுன் தெறித்துத் திரும்பிவிடுகிறது. நைலான் வழுக்கிய இடத்திலேயே நின்றுவிடும். அதனால்தான் நைலான் போட்டவர்கள் ஒவ்வொரு பாயிண்ட் முடிந்ததும் விரலால் நரம்பை நேராக்கிக்கொண்டே இருப்பார்கள். ஃபிஷர் குழாய்த் துண்டுகளால் செய்ததைப் பாலியஸ்டர் பின்னலை மீறாமலே செய்கிறது, விதிக்கு உள்ளேயே நின்று. ஜான் யாண்டெல் என்ற பயிற்சியாளர் படம்பிடித்து எண்ணியபோது நடாலின் ஃபோர்ஹேண்ட் சராசரியாக நிமிடத்துக்கு 3,200 சுற்றுச் சுழன்றது. சாம்ப்ராஸ், அகாசி தலைமுறையில் அது 2,000-ஐத் தொடவில்லை. விலாஸின் 53 ஆட்டச் சாதனையை 2006-ல் முறியடித்தவரும் நடால்தான், பாலியஸ்டர் நரம்போடு. நுங்கம்பாக்கத்தில் 2008 சென்னை ஓப்பன் அரையிறுதியில் அவர் மோயாவோடு கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஆடியதை மேல்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். பந்தைவிட அதிகம் சத்தத்தைத்தான் கவனித்தேன். மெத்தென்று ஒன்று, உடனே பந்து மண்டியிட்டு விழுவது. எனக்குப் பள்ளிக்கூடச் சுவர் ஞாபகம் வந்தது.

இதில் எனக்கு ஒரு கவலை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. குடல் நரம்பு அறும்வரை உயிரோடு இருக்கும். பாலியஸ்டர் அறாமலே செத்துப்போகும். பத்துப் பதினைந்து மணி நேரம் ஆடினால் தெறித்துத் திரும்பும் குணம் போய்விடும், விறைப்பு மட்டும் மிஞ்சும். தொழில்முறை ஆட்டக்காரர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகக் கட்டிக்கொள்வார். நம் பிள்ளைகள் அறும்வரை, நாலு மாதம், ஆறு மாதம் வைத்து ஆடுகிறார்கள். அதிர்ச்சி முழுக்க முழங்கைக்குப் போகிறது. பன்னிரண்டு வயதுப் பையன் முழங்கையில் பட்டை போட்டுக்கொண்டு வந்து, 55-ல் பாலியஸ்டர் கேட்கும்போது நான் போடுவதில்லை. பக்கத்துத் தெருவில் போட்டுக்கொள்கிறேன் என்று போனவர்களும் உண்டு. போகட்டும்.

பெரிய ஆட்டக்காரர்களும் ஒரே எண்ணில் நிற்பதில்லை. சாம்ப்ராஸ் சிறிய முகத்து மட்டையில் மெல்லிய குடல் நரம்பை 70-க்கு மேலே இழுத்துக் கட்டினார். ஃபெடரர் நெடுக்கே குடல், குறுக்கே பாலியஸ்டர் என்று கலந்தார், 50-ஐ ஒட்டி. பிரான்சின் அட்ரியன் மனரினோ 25 பவுண்டுக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டு உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர்களோடு ஆடினார். என் கடையில் 25 கேட்டால் மீன் வலையா என்பார்கள். பெங்களூருக்குப் போட்டிக்குப் போகிறவர்கள் இரண்டு பவுண்டு கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே உயரத்தில் காற்று மெலிது, பந்து நிற்காது.

அதனால் நான் வருகிறவர்களிடம் சோதனை செய்து பார்க்கச் சொல்கிறேன். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நரம்பை மாற்றினால் பவுண்டை மாற்றாதீர்கள். பவுண்டை மாற்றினால் நாலு நாலாக இறங்குங்கள். என்ன போட்டேன் என்று என்னிடம் கேட்காமல் ஒரு வாரம் ஆடுங்கள். ஆஸ்திரேலியாவில் ராட் கிராஸ் என்ற இயற்பியலாளரும் அவருடைய கூட்டாளியும் நல்ல ஆட்டக்காரர்களிடம் வெவ்வேறு இழுவையில் கட்டிய மட்டைகளைக் கொடுத்து எது இறுக்கம் என்று கேட்டார்கள். 10 பவுண்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தும் பலரால் சொல்ல முடியவில்லை.

போன தை மாதம் அப்படித்தான் செய்தேன். பதினாலு வயதுப் பையன், வலக்கை முழங்கை வலி, அப்பாவோடு வந்தான். ஒரே மாதிரி மூன்று மட்டை. மூன்றிலும் மெத்தென்ற பல இழை நைலான். 54, 50, 46. கைப்பிடியின் அடியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று பொட்டு ஒட்டி, எண்ணைச் சொல்லாமல் கொடுத்தேன். பத்து நாள் கழித்து நீலத்தோடு மட்டும் வந்தான். “அங்கிள், இதுதான் டைட். பந்து இதுலதான் உள்ள விழுது” என்றான். நீலம் 46. அப்பா நம்பவில்லை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.

இப்போது மாதம் ஒருமுறை வருகிறான். நேற்று மழையோடு வந்தான். மட்டையை மேஜைமேல் வைக்கவில்லை. உறையிலிருந்து எடுத்துக் காதோரம் பிடித்து, விரல் முட்டியால் நரம்பைத் தட்டினான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இறங்கிடுச்சு அங்கிள்” என்று சொல்லி நீட்டினான். நானும் தட்டிப் பார்த்தேன். அரை ஸ்வரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தேதியையும் அதையும் எழுதிக்கொண்டு பழைய நரம்பை வெட்ட ஆரம்பித்தேன்.